எட்டுக் கிலோமீட்டர் பாதம்

கொடைக்கானல் ஏரியை ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். இந்த ஏரியின் மேல் படகும் மிதவையும் இல்லாமல், தண்ணீரின் மேற்பரப்பை மட்டும் நம்பி 60 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்க வேண்டுமானால், அவருடைய பாதத்தின் விளிம்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 கிலோமீட்டர் வருகிறது. ஏரிக்கரை முழுவதையும் பாத விளிம்பாக வைத்துக்கொண்டாலும் போதாது. இன்னும் ஒரு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டும்.

அந்த ஏரிக்கு மேலே, சோலைக்குள்ளிருந்து இறங்கும் ஓடைகளில் ஒரு பூச்சி நாள் முழுக்கத் தண்ணீர் மேல் நின்றுகொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் பொதுவாகத் தண்ணிப்பூச்சி என்றுதான் சொல்வோம். அதன் எடை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. அதைத் தாங்க ஒன்றரை மில்லிமீட்டர் விளிம்பு போதும். அதற்கு இருப்பதோ நான்கு நீளமான கால்கள்.

இரண்டு கணக்குக்கும் அடிப்படை ஒன்றுதான். தண்ணீருக்குள் இருக்கும் மூலக்கூறை அதன் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே இழுக்க ஆள் இல்லை. அதனால் பக்கவாட்டிலும் உள்நோக்கியும்தான் இழுபடுகிறது. விளைவாக, தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணிபோல ஒரு விறைப்போடு இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் பரப்பு இழுவிசை என்று படித்தோமே, அதுதான். சுத்தமான தண்ணீரில் இந்த விசை ஒரு மீட்டர் விளிம்புக்குச் சுமார் 7 கிராம் எடையைத் தாங்கும். யோசித்துப் பார்த்தால் மிகச் சொற்பம். ஒரு முழ மல்லிகைப் பூவைக்கூட அது தாங்காது.

இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், உடல் பெரிதாகும் விதத்தில். ஒரு பூச்சியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்து மடங்கு பெரிதாக்கினால் அதன் கால் விளிம்பு பத்து மடங்குதான் கூடும். எடை ஆயிரம் மடங்கு கூடிவிடும். பூச்சிக்குத் தரையாக இருக்கும் தண்ணீர் நமக்குத் தரையாக இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

அந்தப் பூச்சியைக் கிட்டத்தில் பார்க்க ஏரி சரிப்படாது, தண்ணீர் கலங்கல். ஓடையில் கணுக்கால் ஆழத்துக்குத் தேங்கி நிற்கும் ஒரு பள்ளம், மேலே மரம் இல்லாத இடம், காலை ஒன்பது மணி வெயில், இவை இருந்தால் போதும். பூச்சியை விட்டுவிட்டு அடியில் கிடக்கும் மணலைப் பாருங்கள். பூச்சியின் உடல் ஒரு சின்னக் கோடாகத்தான் நிழல் விழுத்தும். கால்கள் தண்ணீரைத் தொடும் இடங்களோ பெரிய பெரிய கரிய வட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் ஓர் ஒளி விளிம்பு. கால் தண்ணீரைக் கிழிக்காமல் அமுக்குகிறது, அமுங்கிய குழி ஒரு லென்ஸ் போல வேலை செய்து வெயிலை ஓரத்துக்குத் தள்ளுகிறது. பூச்சி நகர்ந்தால் அந்த வட்டங்களும் கூடவே மணலில் வழுக்கிக்கொண்டு போகும். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

கால் ஏன் நனைவதில்லை? அதே ஓடைக்கரையில் காட்டுச் சேம்பு நிற்கும். அதன் இலையில் தண்ணீரைத் தெளித்தால் பாதரசம்போல உருண்டு ஓடும், இலை நனையாது. சின்ன வயதில் அந்த உருண்டையை இலையை விட்டு விழாமல் எவ்வளவு நேரம் உருட்டலாம் என்று பந்தயம் கட்டாதவர்கள் இந்த மலையில் இருக்க மாட்டார்கள். தாமரை இலையிலும் இதேதான், "தாமரை இலைத் தண்ணீர்போல" என்று பேச்சிலேயே வைத்திருக்கிறோம். அந்த இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின்மேல் மெழுகும் இருப்பதையும், மேடுகளுக்கு நடுவில் சிக்கிய காற்றின் மேல்தான் துளி உட்கார்ந்திருப்பதையும் 1997-ல் ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுய்ஸ் என்ற தாவரவியலாளர்கள் விரிவாக விளக்கினார்கள். தண்ணிப்பூச்சியின் காலிலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான நுண்ணிய மயிர்கள், ஒவ்வொரு மயிரிலும் அதைவிட நுண்ணிய வரிப்பள்ளங்கள், அவற்றில் சிக்கிய காற்று. 2004-ல் சீன ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது ஒரே ஒரு கால் அந்தப் பூச்சியின் முழு எடையைப்போல் 15 மடங்கைத் தாங்கியது. மழைத்துளிக்கு நடுவிலும் அது நிற்பதற்கு இந்த உபரி பலம் உதவுகிறது.

நிற்பது சரி, நகர்வது எப்படி? இங்கேதான் விஞ்ஞானிகளே பல ஆண்டுகள் முட்டிக்கொண்டார்கள். நடக்க வேண்டுமென்றால் எதையாவது பின்னால் தள்ள வேண்டும். பூச்சி காலை உதைத்துச் சிற்றலைகளை எழுப்பி, அந்த அலைகளைப் பின்னால் தள்ளித்தான் முன்னே போகிறது என்று நினைத்தார்கள். ஆனால் சிற்றலை எழ வேண்டுமானால் கால் நொடிக்கு 23 சென்டிமீட்டருக்கு மேல் வேகமாக அசைய வேண்டும். குஞ்சுப் பூச்சிகளால் அந்த வேகத்தில் உதைக்க முடியாது. அப்படியானால் அவை நகரவே கூடாது. ஆனால் ஓடுகின்றன. 2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹூ, பிரையன் சான், ஜான் புஷ் மூவரும் தண்ணீரில் சாயம் கலந்து படமெடுத்தபோது முடிச்சு அவிழ்ந்தது. ஒவ்வொரு உதைக்கும் மேற்பரப்புக்குக் கீழே சின்னச் சின்னச் சுழிகள் பின்னோக்கிப் போயின. பூச்சி முக்கியமாகத் தள்ளுவது அந்தச் சுழிகளைத்தான். நடுக்கால் இரண்டும் துடுப்புப் போடுகின்றன, பின்கால்கள் திசை பார்க்கின்றன, முன்கால்கள் இரையைப் பிடிக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு ஏரியில் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்த பெரியவர் நினைவுக்கு வந்தார். நான் துடுப்பை வேகவேகமாக அடித்துத் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டிருந்தேன். "அடிக்காத தம்பி. உள்ள விட்டு நிதானமா இழு. துடுப்புக்குப் பின்னால சுழி விழணும். சுழி விழலைன்னா கைதான் வலிக்கும், படகு போகாது" என்றார். அப்புறம்தான் கவனித்தேன், ஒவ்வொரு இழுப்புக்கும் இரண்டு பக்கமும் சுழன்றுகொண்டே பின்னால் போகும் குழிகளை. சாயம் கலக்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

பூச்சியைவிடப் பெரிய உயிர்கள் தண்ணீர் மேல் போக வேறு வழி தேட வேண்டும். பரப்பு இழுவிசை அவற்றுக்குப் போதாது, அடித்து உதைத்துத்தான் ஆக வேண்டும். நடு அமெரிக்கக் காடுகளில் உள்ள பேஸிலிஸ்க் ஓணான் இதில் பேர்போனது. அதை அங்கே இயேசு ஓணான் என்றே அழைக்கிறார்கள். பாதத்தால் தண்ணீரைச் சட்டென்று அறைந்து, கீழ்நோக்கி உதைத்து, தண்ணீரில் உண்டான காற்றுக் குழி மூடுவதற்குள் காலை வெளியே உருவிவிடும். 1996-ல் கிளாஷீன், மக்மஹோன் இருவரும் இதை அளந்தார்கள். 2 கிராம் குஞ்சால் தன் எடையைப்போல் இரண்டேகால் மடங்கு உந்துவிசை எழுப்ப முடிகிறது. 90 கிராம் பெரிய ஓணானுக்கோ எடையைவிடக் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. இதே கணக்கில் 80 கிலோ மனிதர் ஓட வேண்டுமானால் நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகம் வேண்டும். உசைன் போல்ட் தன் உச்ச வேகத்தில் தொட்டது மணிக்கு 45 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேகம் மட்டும் போதாது, மனிதத் தசையால் தொடர்ந்து தர முடிவதைப்போல் 15 மடங்கு ஆற்றலும் வேண்டும்.

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லியின் உறவினமான தட்டைவால் பல்லியும் தண்ணீர் மேல் ஓடுகிறது என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அது பூச்சிக்கும் ஓணானுக்கும் நடுவில் நிற்கிறது. கொஞ்சம் அறைந்தும், கொஞ்சம் பரப்பு இழுவிசையை நம்பியும், கொஞ்சம் உடம்பை நெளித்தும் போகிறது. தண்ணீரில் சோப்பைக் கலந்ததும் அதன் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. இந்தச் சோப்பு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

தவளையை விட்டுவிட்டால் நம் ஊர்க் கதை முழுமையாகாது. குளத்தில் காலை வைத்ததும் தத்தித் தத்தித் தண்ணீர் மேலேயே ஓடும் தவளையைப் பார்க்காதவர் யார்? நமக்கு அது சாதாரணம். மத்திய ஆசியாவிலிருந்து வந்த பாபருக்கு அது அதிசயமாக இருந்திருக்கிறது. இந்துஸ்தானத்துத் தவளைகள் தண்ணீரின் முகத்தில் ஆறேழு கஜம் ஓடும் என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். ஒரு பேரரசை நிறுவிக்கொண்டிருந்த மனிதர் குளக்கரையில் நின்று தவளையைக் கவனித்திருக்கிறார் என்பதே அவர்மேல் எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

மனிதர் நிற்க வேண்டுமானால் ஒன்று எடையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை மாற்ற வேண்டும். எடையைக் குறைத்துப் பார்த்தார்கள். 2012-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலரைக் கயிற்றில் தொங்கவிட்டு, பாதத்தில் சின்னத் துடுப்புக் கட்டி, நிலவில் இருக்கும் அளவுக்கு எடையை இறக்கியபோது அவர்களால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஓட முடிந்தது. தண்ணீரை மாற்றுவதை நம் சமையலறையிலேயே செய்யலாம். இரண்டு கிண்ணம் கார்ன்ஃப்ளவர் மாவில் ஒரு கிண்ணம் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். கரண்டியை மெதுவாக விட்டால் அமிழும். முஷ்டியால் ஓங்கிக் குத்தினால் பலகைபோல் தடுக்கும். அடி விழுந்த இடத்தில் மாவுத் துகள்கள் நெருங்கி இறுகிக் கணநேரம் திடப்பொருளாகிவிடுகின்றன. ஒரு தொட்டி நிறைய இப்படிக் கரைத்து அதன் மேல் ஓடும் வீடியோக்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நின்றால் அமிழத் தொடங்கிவிடுவார்கள்.

சமய மரபுகளில் இந்தக் கேள்விக்கு வேறு பதில்கள் கிடைக்கின்றன, அவற்றை விஞ்ஞானத்துக்குப் போட்டியாக வைத்துப் படிப்பது எனக்கு உடன்பாடில்லை. நம் சித்தர் மரபு எட்டுச் சித்திகளில் ஒன்றாக இலகிமாவை வைத்தது. உடலை இலேசாக்கிக்கொள்வது. தண்ணீர் மேல் நடப்பதற்குத் தடை எடைதான் என்பதை அவர்கள் சரியாகவே பிடித்திருந்தார்கள். பதஞ்சலியின் யோக சூத்திரமும் உதானன் என்ற வாயுவை வென்றவனைத் தண்ணீரும் சேறும் முள்ளும் தீண்டா என்கிறது.

ஆனால் தமிழில் இதைப்பற்றிச் சொல்லப்பட்டதில் எனக்கு மிகப் பிடித்தது தாயுமானவரின் பாட்டுதான். 18-ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தவர். மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்து, "சலமேல் நடக்கலாம்" என்பதையும் அந்த வரிசையில் போகிறபோக்கில் வைக்கிறார். பிறகு சொல்கிறார்: "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது." தண்ணீர் மேல் நடப்பது எளிய பட்டியலில் போய்விட்டது. மனம் அடங்கிச் சும்மா இருப்பதே கடினமான காரியமாகிவிட்டது.

அதே பாட்டில் பாதரசமும் வருகிறது, தீயில் இட்டு உலோகத்தை மாற்றும் ரசவாதமாக. பாதரசத்தின் மேல் மனிதர் உண்மையிலேயே அமரலாம். அது தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. 60 கிலோ உடல் அதில் நாலரை லிட்டர் அளவுக்குத்தான் அமிழும். ஸ்பெயினின் அல்மாடென் சுரங்கத்தில் ஒருவர் பாதரசத் தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் 1972-ல் வெளிவந்தது. ஆனால் கொடைக்கானல்காரர்களால் அந்தப் படத்தை வியப்போடு மட்டும் பார்க்க முடியாது. இங்கே தெர்மாமீட்டர் ஆலை ஒன்று பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது. பாம்பார் சோலையை ஒட்டிய அந்த மண்ணைப் பற்றிய கவலை அதோடு தீரவில்லை.

இனி கலிலேயா. கடல் என்று பெயர், உண்மையில் 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் இயேசு அதன் மேல் நடந்ததைச் சொல்கிறார்கள், லூக்கா சொல்லவில்லை. பேதுரு படகிலிருந்து இறங்கி நடந்ததை மத்தேயு மட்டும் சொல்கிறார். நடந்தவன் காற்றைப் பார்த்துப் பயந்தான், அமிழ்ந்தான். வேதநூல்களைக் கேட்டு வளர்ந்த யூதர்களுக்கு, கடல் அலைகளின் மேல் நடப்பவர் கடவுள் ஒருவரே என்ற யோபு நூலின் வரி முன்பே தெரியும். அதனால் அந்த நிகழ்ச்சி அவர்களுக்கு ஒரு வித்தையாகத் தெரிந்திருக்காது, வந்தவர் யார் என்ற கேள்விக்குப் பதிலாகவே பட்டிருக்கும். 2006-ல் டோரன் நோஃப் என்ற கடலியல் ஆய்வாளர், அந்தக் காலத்தில் குளிர் மிகுந்து ஏரியின் ஒரு பகுதியில் பனிக்கட்டி படர்ந்திருக்கலாம், அதன் மேல் நடந்திருக்கலாம் என்று கருதினார். எனக்கு அது ஒட்டவில்லை. அலையில் படகு தத்தளித்தது என்று சொல்லும் கதை அது. இங்கே ஜனவரி விடியலில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போதும் ஏரி உறைவதில்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், குளிர்ந்த மேல்நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஏரி முழுவதும் அந்த அளவுக்குக் குளிர்ந்த பிறகே மேற்பரப்பு உறையத் தொடங்கும். ஓர் இரவுக் குளிர் அதற்குப் போதாது.

பேதுருவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் புத்த ஜாதகக் கதை ஒன்று நினைவுக்கு வரும். படகோட்டி இல்லாத துறையில் ஓர் உபாசகன், மனம் புத்தரில் ஒன்றியவனாக அசிராவதி ஆற்றின் மேல் நடக்கத் தொடங்குகிறான். நடு ஆற்றில் அலையைப் பார்க்கிறான், கால் அமிழ்கிறது. மனத்தைத் திரும்ப நிறுத்துகிறான், கடந்துவிடுகிறான். நம் வீடுகளில் சொல்லும் பால்காரியின் கதையும் இந்த வகைதான், ராமகிருஷ்ண பரமஹம்சர் அதைச் சொல்வதுண்டு. கடவுள் பெயரைச் சொன்னால் பிறவிக்கடலையே தாண்டலாம் என்று பூசாரி சொன்னதை நம்பி அவள் தினமும் ஆற்றைத் தாண்டி நேரத்துக்குப் பால் கொண்டுவருகிறாள். எப்படி வருகிறாய் என்று பார்க்க அவரும் கூடப் போகிறார், வேட்டி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவள் திரும்பிப் பார்த்துக் கேட்கிறாள்: "என்ன சாமி, பேரையும் சொல்றீங்க, வேட்டியையும் தூக்கிப் பிடிக்கிறீங்களே?"

அப்பர் நடக்கவில்லை. அவரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள். "கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே" என்று பாடினார், கல்லே தெப்பமானது என்கிறது மரபு. அவர் கரை சேர்ந்த இடம் கடலூரை ஒட்டி இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரோடு இருக்கிறது.

மேடைக்கும் கேமராவுக்கும் இந்த ஆசை எளிதில் தொற்றிக்கொண்டது. 1966-ல் பம்பாயில் ஒரு ஹடயோகி டிக்கெட் விற்றுக் கூட்டம் கூட்டி, தொட்டியில் கால் வைத்த நொடியில் உள்ளே போனார். 2011-ல் டைனமோ என்ற பிரிட்டிஷ் மாயக்கலைஞர் தேம்ஸ் நதியின் மேல் நடந்து காட்டினார். என் மனத்தில் நிற்பவர் வேறொருவர். 1988-ல் ரெமி பிரிக்கா என்ற பிரெஞ்சுக்காரர் காலில் நீண்ட மிதவைகளைக் கட்டிக்கொண்டு கானரித் தீவுகளிலிருந்து டிரினிடாட் வரை அட்லாண்டிக்கைக் கடந்தார். சுமார் 5,600 கிலோமீட்டர், இரண்டு மாதம். வித்தையுமில்லை, வரமுமில்லை. ஒவ்வொரு அடியாகத் தள்ளிப் போனார்.

இப்போது சோப்புக்கு வருகிறேன். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை விலகும். அதனால் அது நேராக மேற்பரப்புக்குப் போய்த் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவில் நுழைந்து நின்றுகொள்கிறது. இழுவிசை பாதிக்கும் கீழே குறைகிறது. காலின் மயிர்களுக்கு நடுவில் இருந்த காற்றும் நிலைக்காது, தண்ணீர் புகுந்துவிடும். வீட்டில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, முள்கரண்டியால் ஊசியை மெதுவாகப் படுக்கவையுங்கள், மிதக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பை விரல் நுனியில் தொட்டு ஓரத்தில் வையுங்கள். ஊசி சடக்கென்று அடியில் போய்விடும். தண்ணிப்பூச்சிக்கு நேர்வதும் இதுதான். அந்த மேற்பரப்பைத் தவிர அதற்கு வேறு தரை கிடையாது.

1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டரின் முயற்சியில் ஓடைகளைத் தேக்கி உண்டாக்கியது இந்த ஏரி. அதன் உபரி நீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. விடுதிகளும் வீடுகளும் பெருகி, ஓடைகளில் சேரும் சோப்பு நீரும் எண்ணெயும் கூடிக்கொண்டே போகின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஓடையில் துவைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில் அவர்கள் வேறெங்கே போவார்கள்? துவைக்கும் கல்லுக்குத் தண்ணீரும், அந்த அழுக்குநீர் ஓடைக்குள் போகாமல் மண்ணில் ஊற ஒரு பள்ளமும் அமைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் அமைத்துக் கொடுத்தால் போதும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒரு துவைகல் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள மூன்று பள்ளங்களில் இந்தக் கோடை முழுக்க ஒரு பூச்சியைக்கூட நான் பார்க்கவில்லை. துவைகல்லுக்கு மேலே, பாறை திரும்பும் இடத்தில் உள்ள பள்ளத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணினேன். பதினொன்று. மணலில் அவற்றின் கால்வட்டங்கள் ஒன்றையொன்று உரசாமல் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தன.